கறுப்பு அங்கி - 9: நாக்கும் கோப்பும்

சென்ற வாரம் பார்த்த 1973 விவகாரத்தில், மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்க யாரும் யாரையும் ஏச வேண்டியிருக்கவில்லை. இந்த வாரம் ஏச்சுக்கு வருவோம். 1987 நவம்பரில் மத்திய சட்ட அமைச்சர் சிவசங்கர் ஐதராபாத்தில் வழக்கறிஞர்கள் முன் பேசினார். அன்னியச் செலாவணி மோசடிக்காரர்களுக்கும் மருமகளைக் கொளுத்துகிறவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் புகலிடமாகிவிட்டது என்றார். பேசியவரும் ஒரு காலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதிதான். அவமதிப்பு வழக்கு வந்தது. அது அவமதிப்பாகாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. இதே சிவசங்கர், இதே பதவியில், 1981 மார்ச்சில் முதலமைச்சர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். கூடுதல் நீதிபதிகளிடம், வேறு மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சம்மதமா என்று எழுதி வாங்கச் சொன்னது அது. கூடுதல் நீதிபதியின் பதவி தற்காலிகமானது; நீட்டிப்பு தில்லியின் கையில் இருந்தது. கடிதத்தில் கடுஞ்சொல் எதுவும் இல்லை. அதை எதிர்த்தும் வழக்கு நடந்தது. செல்லும் என்று அந்த ஆண்டின் கடைசியில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. என் கணிப்பில், நீதிபதிகளின் உறக்கத்தைக் கெடுக்க வல்லது அந்தக் கடிதம்தான்.

அப்படியானால் பேச்சை விட்டுத்தள்ளலாமா? தீர்ப்பைத் திட்டக் குடிமகனுக்கு உரிமை உண்டு, அரசியல்வாதிக்கும் உண்டு. நீதிபதிகள் பணக்காரர் பக்கம் சாய்கிறார்கள் என்று 1967இல் சொன்ன கேரள முதல்வர் இ.எம்.எஸ்.ஸுக்கு, 1970இல் உச்ச நீதிமன்றம் அவமதிப்புத் தீர்ப்பை உறுதிசெய்து, அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தது. (அவருக்கு மார்க்ஸ் சரியாகப் புரியவில்லை என்று தீர்ப்பு பாடம் நடத்தியது தனி வேடிக்கை.) அந்த 50 ரூபாயால் நீதிமன்றத்தின் மதிப்பு கூடிவிடவில்லை. 2025இல், உள்நாட்டுப் போர்களுக்குத் தலைமை நீதிபதியே பொறுப்பு என்று ஆளுங்கட்சி எம்.பி. நிஷிகாந்த் துபே சொன்னபோது, உச்ச நீதிமன்றம் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டதே சரி. ஆனால் ஆளும் தரப்பின் ஏச்சு கோப்புக்குப் பாதை போடுகிறது. நீதிபதிகள் நாட்டுக்கு விரோதிகள் என்று ஊர் நம்பிவிட்டால், ஒரு நியமனக் கோப்பு மேசையில் உறங்கும்போது ஏன் என்று கேட்க ஆளிருக்காது.

நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் வந்தபின் அரசின் கை கட்டப்பட்டுவிட்டதே என்பார்கள். பாதி உண்மை. பரிந்துரைப்பவர்கள் நீதிபதிகள், ஆணையிடுவது அரசு. உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை 2016இல் ரத்து செய்த நீதிபதி கே.எம். ஜோசப்பின் பெயரை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குக் கொலீஜியம் அனுப்பியது. ஏப்ரலில் அரசு திருப்பியது, ஆகஸ்டில்தான் பதவியேற்றார். பணிமூப்பு, மாநிலப் பிரதிநிதித்துவம் என்று அரசு காரணம் சொன்னது. பழிவாங்கல் என்று யாராலும் நிரூபிக்க முடியாது; கோப்பின் பலமே அதில்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு, ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிலர் இந்திய எதிர்ப்புக் கும்பலில் இருப்பதாகப் பேசினார். அதே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தான் இரண்டாம் முறையும் வலியுறுத்திய ஒரு வழக்கறிஞரின் நியமனம் இன்னும் வரவில்லை என்று கொலீஜியம் கவலையோடு தீர்மானத்தில் எழுதியது. அவரைப் பற்றி உளவுத்துறை குறித்தவற்றில் ஒன்று, பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையை அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்திருந்தார் என்பது.

(தொடரும்)