மன்னார்க் கரையிற் கட்சிப் பற்றும் கட்சிப் பகையும்

கட்சி என்னுஞ் சொல் இக்காலத்தில் அரசியற் குழுவையே குறிப்பினும், பழந்தமிழில் அதற்குப் புகலிடம் என்றும், பறவையின் கூடு என்றும் பொருள்கள் உள. இப்பழம் பொருளை உளங்கொண்டு நோக்கின் அரசியற் கட்சியின் இயல்பு ஒருவாறு விளங்கும். கொள்கையை ஆராய்ந்து கட்சியிற் சேர்வோர் எங்கும் சிலரே. தமக்கும் தம் மக்களுக்கும் காவல் எங்குளது என நாடிச் சேர்வோரே பலர். ஆதலின், கூடு காக்கும் என்னும் நம்பிக்கை உள்ளவரையிற் பற்று நிலைக்கும். அந்நம்பிக்கை தளர்ந்தவிடத்து நேற்றைய நண்பர் இன்றைய பகைவராவர். இவ்வுண்மைக்கு மன்னார்த் தீவும் அதனை அடுத்த பெருநிலக் கரையும் தக்க சான்றாகும்.

மன்னார் மாவட்டத்திற் பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்கள் தீவில் உள்ளன. மாந்தை, நானாட்டான், முசலி, மடு ஆகிய பகுதிகள் பாலத்துக்கு அப்பாலுள்ள பெருநிலத்தைச் சார்ந்தவை. கடலை நம்பி வாழ்வோரும், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழ்வோரும் இங்கு அயலவர். கத்தோலிக்கர் தொகையால் மிக்கவர். இசுலாமியரும் சைவரும் அவரோடு கலந்து வாழ்கின்றனர். அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு மொழி ஒன்று, சமயமோ மூன்று. எனவே, மொழியாற் சேர்வதா, சமயத்தாற் சேர்வதா என்னும் வினா இங்கு ஒவ்வொரு தேர்தலிலும் எழுவதாயிற்று.

இவ்வினாவுக்கு இலெபனான் நாடு வேறொரு விடை கண்டது. அரபு மொழி பேசும் அந்நாட்டிற் பல சமயப் பிரிவினர் வாழ்கின்றனர். 1943ஆம் ஆண்டின் தேசிய உடன்பாட்டின்படி சனாதிபதி மரோனியக் கிறித்தவராகவும், பிரதமர் சுன்னி முசுலிமாகவும், பாராளுமன்றச் சபாநாயகர் சியா முசுலிமாகவும் இருத்தல் வழக்காயிற்று. பாராளுமன்ற ஆசனங்களும் சமயவாரியாகப் பங்கிடப்பட்டன. ஆசனம் முன்னரே ஒரு பிரிவினர்க்கு ஒதுக்கப்பட்டவிடத்து, அதற்காகப் போட்டியிடுவோர் அப்பிரிவினரேயாவர். அதனால் அந்நாட்டின் கொடிய பகைகள் பல ஒரே சமயத்தார்க்கு உள்ளேயே எழுந்தன. மன்னாரில் இத்தகைய ஒதுக்கீடு எக்காலத்தும் இருந்ததில்லை. இங்கு யார் யாரோடு சேர்வர் என்பதைத் தேர்தல் முறையும் காலத்தின் நெருக்கடியுமே வகுத்துவந்துள்ளன.

1947 முதல் 1977 வரை மன்னார் ஓர் உறுப்பினரைத் தெரியும் தனித் தொகுதியாயிருந்தது. 1947இற் சுயேச்சை வேட்பாளராக வென்ற க. சிற்றம்பலம் டி. எஸ். சேனநாயக்கா அமைத்த முதல் அமைச்சரவையில் தபால் தந்தி அமைச்சரானார். அக்காலத்தில் வாக்காளரின் பற்று கட்சியைச் சார்ந்ததன்று. வேட்பாளரின் கல்வியையும் செல்வாக்கையும் சார்ந்தது. அரசோடு சேர்ந்து நின்று பயன்பெறுதலே அறிவுடைமை எனப் பலர் கருதினர்.

அக்கருத்துத் தமிழரிடையே பெரும் பிளவை உண்டாக்கிற்று. 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவிய ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் அரசிற் சேர்ந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன அவ்வேளையில் அரசிற் சேர்தல் தகாது எனக் கொண்ட சா. ஜே. வே. செல்வநாயகம் முதலானோர் பிரிந்து, 1949 திசெம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். 1956இற் சிங்களம் மட்டும் என்னும் முழக்கம் நாடெங்கும் எழுந்தபோது, தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை வென்றது; அவற்றுள் மன்னாரும் ஒன்று. அக்கட்சியின் வி. ஏ. அழகக்கோன் ஆண்டுப் பாராளுமன்றம் புகுந்தார். 1960களிலும் தொகுதி அக்கட்சியினிடமே இருந்தது.

இம்மாற்றத்தின் காரணம் ஆராயத்தக்கது. ஓர் ஆசனமே உள்ளவிடத்து, சமயத்துக்கு ஒருவராகப் பிரிந்து நிற்போர் தோற்பர். மொழிக்கு நேர்ந்த இடரோ சமய வேறுபாடு நோக்காது அனைவரையும் தாக்கிற்று. சைவர் பெரும்பான்மையரான வடபுலத்துத் தமிழர் புரட்டத்தாந்து கிறித்தவரான செல்வநாயகத்தைத் தலைவராக ஏற்றமையும் இதனாலேயாம். தேர்தல் விதியும் பொது இடரும் ஒரே திசையில் இழுத்தமையால் மொழிப்பற்றுச் சமயப்பற்றை மேவிற்று.

இரு கட்சிகளின் பகையும் என்றும் நிலைத்ததன்று. ஏறக்குறைய கால் நூற்றாண்டு மேடைதோறும் ஒருவரையொருவர் தாக்கியோர் 1972இன் அரசியலமைப்பின் பின் ஒரு கூரையின் கீழ் வந்தனர். 1976இல் வட்டுக்கோட்டையில் உருவான தமிழர் விடுதலைக் கூட்டணியிற் பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒருங்கே இடம்பெற்றனர். 1977இற் கூட்டணியின் சார்பிற் பி. எஸ். சூசைதாசன் மன்னாரை வென்றார். 1983இன் ஆறாந் திருத்தத்தை ஏற்க மறுத்துக் கூட்டணியினர் பாராளுமன்றத்தைப் புறக்கணித்தபோது, மன்னாரும் தன் குரலை அங்கு இழந்தது.

அவ்வெற்றிடத்தில் ஆயுத இயக்கங்கள் தலையெடுத்தன. 1985இல் தமிழீழ விடுதலைப் புலிகள், தமிழீழ விடுதலை இயக்கம் எனப்படும் டெலோ, ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி, ஈரோசு ஆகிய நான்கும் ஒரு முன்னணியில் இணைந்தன. ஓராண்டு கழியுமுன் அம்முன்னணி சிதைந்தது. 1986 மே மாதத்தில் டெலோவின் தலைவர் சிறீசபாரத்தினம் புலிகளாற் கொல்லப்பட்டார். அவ்வியக்கத்தினர் பலர் மாண்டனர். ஆண்டு முடிவில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியும் தாக்குண்டது. ஆறாண்டுகளுக்கு முன், 1980 யூலையில், இலெபனானிற் பசீர் கெமாயெலின் படையினர் கமீல் சமூனின் கட்சிப் படையை இவ்வாறே அழித்தனர். இருவரும் மரோனியர், இருவரும் ஒரே முன்னணியினர். திருவள்ளுவர் உட்பகைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தமையின் காரணத்தை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. வாக்குச் சீட்டு உள்ளவிடத்துப் போட்டியாய் முடிவது, துப்பாக்கி உள்ளவிடத்து அழிவாய் முடிகின்றது. அங்கே பற்று என்பது கீழ்ப்படிதல் என்னும் பொருளுக்குச் சுருங்கிவிடுகின்றது.

இச்சுருக்கத்தின் மிகக் கொடிய பயனை மன்னார் இசுலாமியர் நுகர்ந்தனர். 1990 ஒற்றோபரில் வடமாகாண இசுலாமியர் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியினரும் தாராபுரத்தினரும் முசலி மக்களும் வீடும் வள்ளமும் விட்டு வெளியேறிப் புத்தளக் கரையில் அகதிகளாயினர். மொழி என்னும் கூடு தம்மைக் காவாது என அவர்கள் அறிந்த நாள் அது. எம். எச். எம். அசுரப் கிழக்கில் நிறுவிய சிறீலங்கா முசுலிம் காங்கிரசு அவர்க்கொரு புகலாயிற்று. இடம்பெயர்ந்தோருள் ஒருவரான றிசாட் பதியுதீன் 2001 முதல் வன்னியிலிருந்து தெரிவுசெய்யப்பட்டு வருகின்றார். முதலில் முசுலிம் காங்கிரசிலிருந்த அவர், பின்னர் அகில இலங்கை மக்கள் காங்கிரசின் தலைவரானார். இவ்வாறு தமிழ்க் கட்சிகளிடை நிகழ்ந்த பிளவே முசுலிம் கட்சிகளிடையும் நிகழ்ந்தது.

இதற்கிடையில் தேர்தல் முறையும் மாறிற்று. 1978இன் அரசியலமைப்பு வகுத்த விகிதாசார முறை 1989இற் பாராளுமன்றத் தேர்தலுக்கு முதன்முறை வழங்கப்பட்டது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னி என்னும் ஒரே தேர்தல் மாவட்டமாயின. வாக்காளர் முதலில் ஒரு கட்சிக்கு வாக்களிப்பர். பின் அக்கட்சியின் வேட்பாளருள் மூவர்க்கு விருப்பு வாக்கு இடலாம். கட்சி பெறும் ஆசனத் தொகையை முன்னையது முடிவுசெய்யும். அவ்வாசனங்களில் அமர்வோரைப் பின்னையது முடிவுசெய்யும். ஆகவே பகலில் ஒரே மேடையிற் கட்சிக்கு வாக்குக் கேட்போர், இரவில் தத்தம் எண்ணுக்கு விருப்பு வாக்குத் தேடுவர். இலெபனானில் 2017இல் இயற்றப்பட்ட தேர்தற் சட்டமும் விகிதாசாரத்தோடு ஒரு விருப்பு வாக்கைச் சேர்த்து, ஒரே பட்டியலில் நிற்கும் தோழரை ஒருவர்க்கொருவர் போட்டியாளராக்கிற்று. பழைய முறை பலரை ஒருவர் பின்னே திரட்டிற்று. புதிய முறை ஒருமித்தோரையும் உள்ளே பிரிக்கின்றது.

2001இல் தமிழர் விடுதலைக் கூட்டணி, தமிழ்க் காங்கிரசு, டெலோ, ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் ஒரு பிரிவு ஆகியவை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. புலிகளால் தலைவரை இழந்த டெலோவும் புலிகளை ஏற்ற அக்கூட்டமைப்பில் இடம்பெற்றமை, பகை எத்துணை விரைவில் வடிவம் மாறும் என்பதைக் காட்டும். 2004இற் சூரியன் சின்னம் பற்றிப் பிணக்கு நேரவே, கூட்டமைப்புத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தை மேற்கொண்டது. கூட்டமைப்புத் தனிக் கட்சியாகப் பதிவுபெறாமையால், சின்னத்துக்கு உரிய தமிழரசுக் கட்சியின் கை ஓங்கிற்று. ஏனைய கட்சிகளின் குறை இதிலிருந்தே வளர்ந்தது.

பற்றுக்கள் ஒன்றோடொன்று முரணும்போது தனியொருவர் நிலை யாதாகும் என்பதை 2017இன் நிகழ்ச்சி விளக்கும். வடமாகாண முதலமைச்சர் சி. வி. விக்கினேசுவரனுக்கும் தமிழரசுக் கட்சியினர்க்குமிடையே பூசல் மூண்ட அவ்வாண்டில், மன்னாரைச் சேர்ந்த டெலோ உறுப்பினரான அமைச்சர் பா. டெனிசுவரன் பதவியினின்று நீக்கப்பட்டார். அவருடைய கட்சியும் அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தது. அவர் நீதிமன்றை நாட, 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. முதலமைச்சர், கட்சி, கூட்டமைப்பு ஆகிய மூன்றனுள் எதற்கு முதற்கடன் என்னும் வினா மக்கள் மன்றில் தீராது நீதிமன்றுக்குச் சென்றது.

2023இன் தொடக்கத்தில், உள்ளூராட்சித் தேர்தலிற் றனித்து நிற்பதெனத் தமிழரசுக் கட்சி முடிவு செய்தது. டெலோ, புளொட் முதலியன சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக வேறு நின்றன. 2024 சனாதிபதித் தேர்தலிலும் அப்பிளவு தெரிந்தது. தமிழரசுக் கட்சி சசித் பிரேமதாசாவை ஆதரித்தது, அக்கட்சியினரேயான பா. அரியநேத்திரனோ பிற கட்சிகளின் ஆதரவோடு சங்குச் சின்னத்திற் பொது வேட்பாளராய் நின்றார்.

பிளவின் விலையை எண்களே கூறும். வன்னியின் ஆறு ஆசனங்களுட் கூட்டமைப்பு 2015இல் நான்கும் 2020இல் மூன்றும் பெற்றது. 2020இற் றெரிவான மன்னாரைச் சேர்ந்த இருவருள் சார்ள்சு நிர்மலநாதன் தமிழரசுக் கட்சியினர். செல்வம் அடைக்கலநாதன் டெலோவின் தலைவர். இருவரும் வீட்டுச் சின்னத்திலேயே நின்றனர். 2024இல் தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனமும், சங்குச் சின்னத்தில் நின்ற செல்வம் அடைக்கலநாதனின் அணிக்கு ஓர் ஆசனமும் கிடைத்தன. இரண்டாசனங்களோடு முன்னணி பெற்றது, அதுகாறும் வன்னியிற் பெருஞ் செல்வாக்கில்லாத தேசிய மக்கள் சக்தி. எஞ்சிய இரண்டும் இரு வேறு பட்டியல்களில் நின்ற முசுலிம் வேட்பாளரைச் சேர்ந்தன.

சமயத்தின் இழுவிசையும் ஓயவில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரியை அண்டி, திருக்கேதீச்சர ஆலய வீதி வளைவு பற்றிச் சைவர்க்கும் கத்தோலிக்கர்க்குமிடையே பூசல் எழுந்து, வளைவு பிடுங்கப்பட்டது. மொழியால் ஒருங்கிணைந்தோரைச் சமயம் எவ்வளவு எளிதிற் பிரிக்கும் என்பதை அது காட்டிற்று. இரு சமயத்தாரிடமும் வாக்குப் பெறவேண்டிய கட்சிகட்கு அது கடுஞ் சோதனையாயிற்று.

கட்சிப் பகை முற்றும் தீதன்று. போட்டி இல்லாதவிடத்து வாக்காளர்க்குத் தெரிவு இல்லை. ஓர் இயக்கமே பேசிய காலத்தின் கொடுமையை எருக்கலம்பிட்டியின் ஆளற்ற வீடுகள் கூறின. பகை தீராதது என்பதும் பொய்யே. 1990இல் இலெபனானிற் படைகொண்டு பொருத மிசேல் அவூனும் சமீர் கயகயாவும் 2016இல் உடன்பட்டு, அவூன் சனாதிபதியாதற்குக் கயகயா துணைநின்றார். பொன்னம்பலமும் செல்வநாயகமும் அதற்கு நாற்பதாண்டு முன்னரே இணைந்தனர். எனினும், தலைவர் இணையும்போதும் பிரியும்போதும் அதன் பயனைச் சுமப்போர் மக்களே. தொகையிற் சிறிய மன்னார் மாவட்டத்தில் எச்சமயத்தாரும் தனித்து ஆசனம் வெல்லுதல் அரிது. ஆகவே, தம் கட்சி யாது என வினவுமுன், அக்கட்சியின் கூரை அயல்வீட்டாரையும் உட்கொள்ளுமா என வினவுதல் அக்கரை மக்களுக்கு அறம் மட்டுமன்று, பிழைக்கும் வழியுமாகும்.