உப்பு, திராட்சை, பால்: ஜூரா மலைச்சாரலின் ரசாயனம்

பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையில், ஸ்விட்ஸர்லாந்தை நோக்கிப் படிப்படியாக உயர்ந்து செல்லும் ஜூரா மலைத்தொடரின் மேற்குச் சாரலில், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய பட்டையாக ஓடுகின்ற ஒரு திராட்சைப் பிரதேசம் இருக்கிறது. போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் என்று உலகமெல்லாம் பிரசித்தி பெற்ற பெயர்களின் நடுவே இதன் பெயர் அதிகமாக அடிபடுவதில்லை. இதன் விஸ்தீரணமும் இரண்டாயிரம் ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்டதே. ஆயினும், மனிதர் உண்பனவும் பருகுவனவும் எவ்வாறு உருவாகின்றன என்பதை விஞ்ஞானக் கண்கொண்டு ஆராயப் புகுவோருக்கு இதைக் காட்டிலும் சிறந்த பாடசாலை வாய்ப்பது அரிது. மலையடியில் உப்பு, சாரலில் திராட்சை, மேட்டுநிலத்தில் பால் என்ற மூன்றும் இங்கே அரைநாள் வண்டிப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அன்றியும், நொதித்தலுக்கு உயிருள்ள நுண்பொருள்களே காரணம் என்று வாதாடி வென்ற லூயி பாஸ்டர் வளர்ந்ததும், பிற்காலத்தில் தம் பரிசோதனைகள் பலவற்றை நடத்தியதும் இந்தச் சாரலிலுள்ள அர்புவா என்னும் சிற்றூரிலேதான்.

முதலில் நிலத்தின் வரலாறு. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் கிடந்த ஆழமற்ற கடல் திரும்பத் திரும்ப வற்றியதால் உப்பும் ஜிப்சமும் களிமண்ணும் கனத்த அடுக்குகளாகப் படிந்தன. அவற்றின் மேல், பின்வந்த கடல்களின் வண்டலாகச் சுண்ணக் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் சேர்ந்தன. புவியியலார் ஜுராசிக் என்று வழங்கும் காலத்துக்குப் பெயர் தந்தவை இம்மலையின் பாறைகளே. வெகுகாலத்துக்குப் பின்பு ஆல்ப்ஸ் மலை எழும்பியபோது அதன் உந்துதல் இத்திசையிலும் பரவ, மேலிருந்த பாறை அடுக்குகள் அடியிலிருந்த உப்புப் படிவத்தின் மீது வழுக்கிக்கொண்டு மேற்கே நகர்ந்து மடிந்து மலையாயின. அங்ஙனம் மலையை நகர்த்திய அதே உப்புதான், சலான் நகரத்தின் ஊற்றுகளில் உவர்நீராக வெளிப்பட்டு, பல நூற்றாண்டுகளாக அவ்வூரார் காய்ச்சி விற்ற செல்வமாயிற்று. காய்ச்சுவதற்கு விறகு போதாமற் போகவே, 1775 முதல் 1779 வரையில் குளோத்-நிக்கோலா லெதூ என்ற கட்டடக் கலைஞர், காட்டுக்கு அருகே ஆர்க்-ஏ-செனான் என்னுமிடத்தில் ராஜாங்க உப்பாலையை நிர்மாணிக்க, மரத்தண்டுகளைக் குடைந்து செய்த குழாய் வழியாக 21 கிலோமீட்டர் தூரம் உவர்நீர் ஓடிற்று. இவ்விரு உப்பாலைகளும் இன்று உலகப் பாரம்பரியச் சின்னங்கள். பாலைக் கட்டியாக்கிக் காப்பாற்ற உப்பு இன்றியமையாதது என்பதை நினைத்தால், மலைமேல் வாழ்ந்த மாட்டுக்காரனுக்கும் மலையடியில் வாழ்ந்த உப்புக் காய்ச்சுவோனுக்கும் உள்ள சம்பந்தம் விளங்கும்.

சாரலிலே நிற்கும் திராட்சைக்கொடியின் வேர் மேற்சொன்ன சாம்பல் நீலச் சுண்ணக் களிமண்ணில்தான் இறங்குகிறது. ஒயினைச் சுவைப்போர் அதில் பாறையின் ருசி தெரிகிறதென்று சொல்லுவது வழக்கம். ஆனால் வேரானது பாறையை அப்படியே உறிஞ்சிப் பழத்தில் சேர்ப்பதில்லை என்பதும், நீரில் கரைந்த தாது அயனிகளை மட்டுமே மிகச் சிறிய அளவில் எடுத்துக்கொள்கிறது என்பதும், அவ்வளவில் அவை நாவுக்குப் புலப்படத் தக்கவை அல்ல என்பதும் மண்ணியலார் பலருடைய முடிவு. மண் செய்யும் உபகாரம் வேறு: களிமண் கோடையிலும் ஈரத்தைப் பற்றிவைத்துக்கொண்டு, கொடிக்கு நீரை அளந்து கொடுக்கிறது, மேற்கு நோக்கிய சரிவு வெயிலை வாங்கித் தருகிறது. இதனால் பழம் மெல்லப் பழுக்கிறது. புளிப்பு முற்றும் கெடாமல் சர்க்கரை சேருகிறது. குளிரையும் பொறுத்துக்கொண்டு தாமதித்துப் பழுக்கும் சவாஞன் என்ற வெள்ளைத் திராட்சை இம்மண்ணை விரும்புவதன் காரணம் இதுவே. அந்தப் பழத்தைப் பெரும்புகழ் வாய்ந்த ஒயினாக்கும் காரியத்தைச் செய்கிறவர்களோ, கண்ணுக்குத் தெரியாத வேறு சிலர்.

அந்தச் சிலர் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்விதான் 1878இல் பாஸ்டரை அர்புவாவுக்கு விரைந்து வரச் செய்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் காலமான உடலியல் மேதை குளோத் பெர்னார் விட்டுச்சென்ற குறிப்புகளில், ஈஸ்ட் இல்லாமலே பழரசம் மதுவாக மாறக்கூடும் என்ற கருத்துக் காணப்பட்டது; அவற்றை ரசாயன நிபுணர் பெர்த்தலோ பிரசுரித்துவிட்டார். பாஸ்டர் வாய்ச்சண்டையோடு நிற்கவில்லை. அர்புவாவுக்கு அருகே தமக்குச் சொந்தமாயிருந்த திராட்சைத் தோட்டத்தில், காய்கள் இன்னும் பச்சையாக இருந்த பருவத்திலேயே, கொடிகளின் மேல் காற்றுப் புகாத கண்ணாடிக் கூடாரங்களை நிறுத்தி, குலைகள் சிலவற்றைப் பஞ்சினாலும் சுற்றி வைத்தார். அக்டோபரில் பழுத்த பின் பறித்துப் பிழிந்து பார்த்தபோது, வெளியிலிருந்த பழங்களின் சாறு வழக்கம்போல் நுரைத்துப் பொங்க, காப்பிலிருந்த பழங்களின் சாறு நொதிக்காமலே கிடந்தது. காப்பிலிருந்த கொடியின் குலைகளைத் திறந்தவெளியில் தொங்கவிட்டபோது, அவற்றின் சாறும் நொதிக்கத் தலைப்பட்டது. ஆகவே ஈஸ்ட் பழத்துக்குள்ளிருந்து பிறப்பதன்று, கோடையின் ஒரு பருவத்தில் வெளியிலிருந்து வந்து தோலின் மேல் குடியேறுவது என்பது நிரூபணமாயிற்று.

இந்த விவகாரத்துக்கு இரண்டு பின்னுரைகள் உண்டு. 1897இல் எட்வர்ட் புஃக்னர் என்ற ஜெர்மானியர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்தெடுத்த உயிரற்ற சாறும் சர்க்கரையை மதுவாக்குவதைக் கண்டறிந்து, உயிரணுவினுள் வேலைசெய்யும் நொதிகளின் சாஸ்திரத்துக்கு வழி திறந்து, 1907இல் நோபல் பரிசும் பெற்றார். பெர்னாருடைய ஐயத்தில் ஒரு கூறு உண்மை இருந்ததென்பது இதனால் தெரிந்தது. மற்றொன்று, குளிர்காலத்தில் தோட்டத்தில் பழமே இல்லாதபோது ஈஸ்ட் எங்கே வாழ்கிறது என்பது. 2012இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள், குளவிகளின் குடலில் அது குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்து, தாய்க்குளவி ஊட்டும் இரையின் வழியே அடுத்த தலைமுறைக் குளவிகளுக்கும், அவற்றின் மூலம் பழங்களுக்கும் போய்ச் சேருவதைக் காட்டினார்கள். பழத்தைக் கடித்துக் கெடுக்கிறதென்று உழவன் விரட்டுகிற பூச்சியே, அவனுடைய பீப்பாய்க்கு வேண்டிய விதையைச் சுமந்து வருகிறதென்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று.

இனி, இந்தச் சாரலுக்கே உரிய மஞ்சள் ஒயினைக் கவனிப்போம். பொதுவாக ஒயின் செய்வோர் பீப்பாயில் ஆவியாகிக் குறைகிற அளவை அவ்வப்போது நிரப்பிக் காற்றைத் தடுப்பார்கள். காற்றுப் பட்டால் காடியாகிவிடும் என்ற அச்சம். ஜூராவில் சவாஞன் ஒயினைப் பீப்பாயில் ஊற்றியவர்கள் அதை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை முழுதும் தீர்ந்த பின்னர், ஈஸ்டின் சில வகைகள் வேறொரு வாழ்க்கைமுறையை மேற்கொள்கின்றன: செல்களின் புறப்பரப்பு நீருடன் ஒட்டாத தன்மையை அடைய, அவை ஒன்றோடொன்று பிணைந்து மேலே மிதந்து, காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடைபோல ஒரு மெல்லிய சாம்பல்நிறப் படலமாகின்றன. மேலிருந்து காற்றையும் கீழிருந்து ஆல்கஹாலையும் உட்கொண்டு வாழும் இப்படலம், பிராணவாயு முழுவதும் ஒயினுக்குள் போகாதபடி தடுப்பதோடு, ஆல்கஹாலில் ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அதே பரப்பில் காடியை உண்டாக்கும் பாக்டீரியா குடியேறிவிட்டால் பீப்பாய் முழுவதும் பாழாகிவிடும். இவ்விரண்டு படலங்களையும் நுண்பெருக்கியில் பிரித்தறிந்து, ஒயினின் நோய்களைப் பற்றி 1866இல் வெளியிட்ட நூலில் விவரித்தவரும் பாஸ்டரே.

படலத்தின் கீழ் வருஷங்கள் கழியக் கழிய, அசிட்டால்டிஹைடு வேறொரு கரிமப் பொருளுடன் கூடி சோட்டோலோன் என்னும் வாசனைப் பொருளைப் பிறப்பிக்கிறது. ஒரு லிட்டரில், ஒரு கிராமை லட்சம் கூறாக்கி அதில் ஓரிரு கூறு அளவே இருந்தாலும் அது மூக்குக்கு எட்டிவிடும். அக்ரோட்டுப் பருப்பையும் மசாலாவையும் நினைவூட்டுவதாகப் பிரெஞ்சுக்காரர் வருணிக்கும் இந்த மணம் தமிழர் சமையலறைக்குப் புதியதன்று. நம் வெந்தயத்தின் விசேஷ வாசனைக்கு முக்கிய காரணமாயிருப்பதும் இதே சோட்டோலோன்தான். வெந்தயச் செடி தன் விதைக்குள் ஓர் அமினோ அமிலத்திலிருந்து பெறுவதை, ஜூராவின் ஈஸ்ட் படலம் மதுவிலிருந்து தொடங்கி நெடுங்காலம் காத்திருந்து பெறுகிறது.

எவ்வளவு காலம் என்பதைச் சட்டமே வகுத்திருக்கிறது. அறுவடைக்குப் பின்வரும் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரையில் பீப்பாயிலேயே இருக்கவேண்டும்; அதில் 60 மாதங்களேனும் படலத்தின் கீழ் கழியவேண்டும். ஒரு லிட்டராகத் தொடங்கியது அத்தனை காலத்தில் ஆவியாகி 62 சென்டிலிட்டர் அளவே எஞ்சும் என்பது கணக்காகையால், மஞ்சள் ஒயினுக்குரிய புட்டியும் அதே கொள்ளளவில் செய்யப்படுகிறது. இந்த ஒயின் எளிதில் கெடுவதில்லை. 1774ஆம் ஆண்டுப் புட்டியொன்று 2018இல் ஏலத்தில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. பாறைமுகட்டின் மேல் அமைந்த ஷாத்தோ-ஷலோன் கிராமத்தாரோ சட்டத்தினும் கடுமையானவர்கள்: அறுவடைக்கு முன் தோட்டங்களைப் பரிசோதித்து, பழம் தகுதிப்படவில்லையென்று கண்டால், அவ்வாண்டு கிராமத்தின் பெயரில் ஒரு புட்டியும் வெளிவராதென்று தங்களுக்குத் தாங்களே தடைவிதித்துக்கொள்கிறார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படியே நடந்தது.

சாரலை விட்டு மேட்டுநிலத்துக்கு ஏறினால் திராட்சை மறைந்து புல்வெளியும் ஊசியிலைக் காடும் தோன்றும். அங்கே சிவப்பும் வெள்ளையுமாக மேயும் மோன்பெலியார்ட் பசுக்களின் பால்தான் கொம்தே என்ற புகழ்பெற்ற பாலாடைக்கட்டியாகிறது. சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் வேண்டும். பனிக்காலத்துக்குச் சேமித்து வைக்கத்தக்க அத்தகைய பெரிய வட்டைத் தன் இரண்டு மூன்று பசுக்களைக் கொண்டு எந்தக் குடியானவனும் தனியே செய்ய இயலாது. ஆகையால் 13ஆம் நூற்றாண்டு முதலே அண்டை வீட்டார் பாலை ஓரிடத்தில் சேர்த்துக் காய்ச்சி, பலனைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பேன் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்துத் தீர்த்தபோது, சாரலின் உழவரும் அந்த முறையையே கைக்கொண்டு 1906இல் அர்புவாவில் ஒயின் கூட்டுறவைத் தொடங்கினார்கள். கூட்டுறவு இம்மக்களுக்கு உபதேசத்தினால் வந்ததன்று; வட்டின் பருமனும் பனியின் கடுமையும் கற்றுக்கொடுத்தது.

கொம்தேயின் விதிகளில் பெரும்பாலானவை நுண்ணுயிர்களை முன்னிட்டே அமைந்தவை. பாலைக் கொதிக்கவிட்டுக் கிருமிநீக்கம் செய்யலாகாது. பசுவுக்கு ஊறுகாய்ப்புல் போடலாகாது. முதல் விதி, புல்வெளியிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் பாலோடு வருகிற பலவகைப் பாக்டீரியாக்களைக் காப்பதற்காக. இரண்டாவது, புளிக்கவைத்த தீவனத்தில் பெருகும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் பாலில் கலந்துவிட்டால், அவை மாதங்கள் கழித்துக் கட்டியினுள் விழித்தெழுந்து, வாயுவைக் கிளப்பி அதை வெடிக்கச் செய்துவிடும் என்பதற்காக. உறைந்த பாலைச் செப்புக் கொப்பரையில் ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது, வெப்பம் தாங்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொண்டு பிற வகைகள் பல ஒடுங்குகின்றன. பின்னர் நிலவறையில், மரப்பலகைகளின் மேல் அடுக்கிய வட்டுகளை அடிக்கடி திருப்பி உப்புநீரால் துடைத்து வர, மேற்பட்டையில் ஒரு கூட்டமும் உள்ளே ஒரு கூட்டமுமாக நுண்ணுயிர்கள் புரதத்தையும் கொழுப்பையும் சிதைத்து மணங்களை உண்டாக்குகின்றன. 120 நாட்களுக்குக் குறையாமல் இது நடைபெற வேண்டும். சில வட்டுகள் இரண்டு ஆண்டுகள்கூடக் கிடக்கும். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் படையெடுப்பை எதிர்பார்த்துக் கட்டிய சேன்-அந்துவான் கோட்டை, 1966 முதல் பாலாடைக்கட்டியை முதிர்விக்கும் குளிர்ந்த நிலவறையாக உபயோகப்பட்டு வருகிறது.

இந்த இரண்டு பொருள்களும் மேஜையின் மீது சந்திக்கும்போது பிரயாணி அவற்றின் உறவை நாவினாலேயே உணரலாம். மஞ்சள் ஒயினிலும் பாலேட்டிலும் வேகவைத்து, வசந்தத்தில் காட்டில் முளைக்கும் குழிகள் நிறைந்த மோரல் காளானைச் சேர்த்த கோழிக்கறியும், அதையடுத்து முதிர்ந்த கொம்தேத் துண்டும் அக்ரோட்டுப் பருப்பும் பரிமாறுவது இங்கே விருந்தின் சம்பிரதாயம். ஆராய்ந்து பார்த்தால் இவற்றில் காளான் ஒரு பூசணவகை. கட்டி பாக்டீரியாவின் கைவண்ணம். ஒயின் ஈஸ்டின் உழைப்பு. சமையற்காரர் செய்வதெல்லாம் கடைசி அரைமணி நேரத்து வேலை.

எனினும், கிருமிகளே எல்லாவற்றையும் செய்துவிடுவதாக எண்ணி மனிதனுடைய பங்கைக் குறைத்துவிடலாகாது. அவை எங்கும் இருப்பவை. அவற்றுள் எதை வாழவிடுவது, எதைத் தடுப்பது, எத்தனை வருஷம் கை வைக்காமல் பொறுத்திருப்பது என்ற தீர்மானமே இந்தச் சாரலுக்கு உரிய தனிச்சொத்து. சவாஞன் கொடியை வேறு தேசத்தில் நட முடியும். மோன்பெலியார்ட் பசுவைக் கப்பலேற்றவும் முடியும். லாபத்தைத் துறந்து ஒரு வருஷத்து அறுவடைக்கு ஊர்ப்பெயரை மறுக்கின்ற கிராமசபையை ஏற்றுமதி செய்ய இயலாது.

ஆனால் அந்தச் சபைகளுக்கு முன்னால் இப்பொழுது ஒரு புதிய பரீட்சை வந்து நிற்கிறது. வசந்தம் முந்தி வருவதால் கொடிகள் முந்தித் துளிர்க்க, பின்னிட்டு இறங்கும் உறைபனி அத்துளிர்களைக் கருக்கிவிடுகிறது. 2021 ஏப்ரலில் நேர்ந்த உறைபனி ஜூராவின் அறுவடையில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. கோடை வறட்சியில் மேட்டுநிலப் புல்வெளி காய்ந்தால், பசுவுக்கு இத்தனை நிலம் என்று வகுத்த விதியும் தடுமாறும். பழைய விதிகள் யாவும் ஒருகாலத்தில் அனுபவத்திலிருந்து பிறந்தவை. இனி வேண்டுவனவும் அனுபவத்திலிருந்தும் பரிசோதனையிலிருந்துமே பிறந்தாக வேண்டும். கண்ணாடிக் கூடாரத்தை நிறுத்தி இயற்கையையே சாட்சிக்கு அழைத்த மனிதரின் ஊராருக்கு அந்த வழி அந்நியமானதன்று. எந்த விதியை விடாமல் பற்றுவது, எதைத் திருத்துவது என்பதை அதே முறையில் சோதித்தறிந்து தீர்மானிப்பதுதான் அவர்கள் முன்னுள்ள காரியம்.