வெள்ளை உறைக்குள் திருட்டுப் பாட்டு!

1969-ம் ஆண்டு கோடை காலம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைகளில் ஒரு புதுச் சரக்கு வந்து இறங்கியது. இரண்டு எல்.பி. தட்டுகள். வெறும் வெள்ளை அட்டை உறை. உறையில் பாடகரின் படம் இல்லை, பெயர் இல்லை. கம்பெனியின் பெயரும் இல்லை. ஆனால் தட்டைச் சுழல விட்டதுமே குரல் யாருடையது என்று ரசிகர்களுக்குத் தெரிந்து விட்டது. மூக்கால் பாடுவது போன்ற அந்தக் கரகரத்த குரல், பாப் டிலனுடையது!

டிலன் அந்தத் தட்டுக்கு அனுமதி கொடுக்கவில்லை. அவருடைய கொலம்பியா கம்பெனியும் கொடுக்கவில்லை. விற்ற காசில் ஒரு சல்லி கூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி விற்கப்பட்ட இந்தத் தட்டுதான், ராக் இசை உலகில் பெயர் பெற்ற முதல் திருட்டுத் தட்டு.

இத்தகைய தட்டுக்கு அமெரிக்காவில் 'பூட்லெக்' என்று பெயர். பூட்ஸ் காலுக்குள் சாராயப் புட்டியை மறைத்துக் கடத்தியதால் வந்த சொல் அது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்த காலத்தில் நாடெங்கும் புழங்கியது. கள்ளச் சாராயத்துக்கு இருந்த பெயர் கள்ளப் பாட்டுக்கும் ஒட்டிக் கொண்டது.

யார் இந்த டிலன்?

மின்னசோட்டா மாநிலத்தில் 1941-ல் பிறந்தவர். சொந்தப் பெயர் ராபர்ட் சிம்மர்மேன். கையில் ஒரு கிதார், வாயில் ஒரு மவுத் ஆர்கன் என்று நியூயார்க் காப்பிக் கடைகளில் நாட்டுப் பாடல் பாடத் தொடங்கினார். முதல் தட்டு 1962-ல் வந்தது. 1965-ல் திடீரென்று மின்சார கிதாரை எடுத்தார். நாட்டுப் பாடலும் ராக் இசையும் கலந்த புதுப் பாணி பிறந்தது. பழைய ரசிகர்களில் பலர் கோபம் கொண்டார்கள். புதிய ரசிகர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே அவரைத் தேடி வந்தது.

வெள்ளை உறைத் தட்டில் இருந்த பாடல்கள் எங்கிருந்து வந்தன? சில, 1961 டிசம்பரில் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு குடியிருப்பில் அவர் பாடியபோது டேப்பில் பிடிக்கப்பட்டவை. இன்னும் சில, 1967-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமத்து வீட்டின் நிலவறையில் பதிவானவை. 1966 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட டிலன், ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்தியிருந்த சமயம் அது. கூட வாசித்த நண்பர்களோடு அந்த நிலவறையில் உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். மற்ற பாடகர்கள் கேட்டுப் பார்த்து எடுத்துக் கொள்ளட்டும் என்று சில பாடல்கள் மட்டும் வெளியே அனுப்பப்பட்டன. அவற்றில் ஒன்றை 1968-ல் மான்ஃப்ரெட் மான் குழுவினர் பாடி, இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தார்கள். டிலன் பாடிய மூலமோ கடையில் கிடைக்காது! அதற்குத்தான் அத்தனை கிராக்கி.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் காப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு மட்டும் அமெரிக்க மத்திய சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. அது வந்தது 1972 பிப்ரவரி 15-ந்தேதிதான்.

தட்டின் நடுவில் ஓர் எண்

டிலன் தட்டு சேகரிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கம்பெனி வெளியிட்டதை மட்டும் சேர்ப்பவர்கள் ஒரு வகை. இது லேசான வேலை என்று நினைத்து விடக் கூடாது. ஒரே தட்டில் மோனோ வேறு, ஸ்டீரியோ வேறு. 1967 இறுதியில் வந்த 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தட்டின் உறையில் டிலனுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் இருவர் நம் நாட்டவர்கள். வங்காளத்து பாவுல் பாடகர்களான பூர்ண தாசும் லட்சுமண தாசும்தான் அவர்கள்.

இந்த வகையினரின் பெரிய வேட்டை 1963-ல் வந்த இரண்டாவது தட்டு. அதில் சேர்த்திருந்த நான்கு பாடல்களைக் கடைசி நேரத்தில் நீக்கி விட்டு, வேறு நான்கைப் போட்டார்கள். ஆனால் பழைய அச்சில் வார்த்த சில தட்டுகள் கை தவறி வெளியே போய் விட்டன. உறையையும் லேபிளையும் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வெற்று வளையம் இருக்கிறதே, அதில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். அல்லது தட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். அகப்பட்டவருக்கு ஆயிரக்கணக்கான டாலர்!

இரண்டாவது வகையினர் டேப் சேகரிப்பவர்கள். இவர்களும் வெள்ளை உறைத் தட்டு விற்றவர்களும் ஒன்றல்ல. அங்கே வியாபாரம், இங்கே பண்டமாற்று. கேசட் காலத்தில், தன்னிடம் இருந்த கச்சேரிகளின் பட்டியலைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்புவார் ஒருவர். பதிலுக்கு இன்னொரு பட்டியல் வரும். வெற்று கேசட்டும் தபால் செலவும் கொடுத்தால் பிரதி வரும். அதற்கு மேல் காசு கேட்பது இவர்களிடையே கேவலம். ஒரு தொல்லை இருந்தது. பிரதியைப் பார்த்துப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடிக் கொண்டே போகும். அதனால் "எந்த ஊர்க் கச்சேரி?" என்பதோடு, "எத்தனையாவது தலைமுறை?" என்றும் கேட்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

யூதாஸ்!

இப்படிக் கை மாறிய டேப்புகளில் புகழ் பெற்றது 1966-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு கச்சேரி. முதல் பாதியில் தனியாகப் பாடிய டிலன், மறு பாதியில் மின்சாரக் கருவிகளோடு வந்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். ஏசுநாதரைக் காட்டிக் கொடுத்தவனின் பெயர்! அவர் கத்தியதும், டிலன் கோபத்தோடு பதில் சொன்னதும், குழுவினர் இடி போல வாசிக்கத் தொடங்கியதும் டேப்பில் அப்படியே இருக்கின்றன.

இது லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்று திருட்டுத் தட்டில் அச்சடித்திருந்தார்கள். உண்மையில் நடந்த இடம் மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேடு ஹால். நாள் மே 17. கம்பெனியே இதை 1998-ல் முறையாக வெளியிட்டபோது ஒரு வேடிக்கை செய்தது. தவறான பெயரை விட மனமில்லாமல், 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டே விற்றது! லண்டனில் நடந்த நிஜக் கச்சேரி வெளிவர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிலனுக்கு இதெல்லாம் அறவே பிடிக்கவில்லை. 1985-ல் வந்த 'பயோகிராஃப்' தொகுப்பின் குறிப்புப் புத்தகத்தில் மனம் நொந்து பேசியிருக்கிறார். விடுதி அறையில் யாரும் இல்லை என்று நினைத்துச் சும்மா கிதாரைத் தட்டினால் அதுவும் தட்டாக வந்து விடுகிறது, டெலிபோனை ஒட்டுக் கேட்பது போல இருக்கிறது என்பது அவர் குறை. நியாயமான குறைதான். அரைகுறையாகப் பாடிப் பார்த்ததைச் சந்தையில் வைக்க எந்தக் கலைஞன் சம்மதிப்பான்?

ஆனால் மறு பக்கமும் உண்டு. 1983-ல் ஒரு தட்டுக்காகப் பாடல்களைப் பதிவு செய்த டிலன், அதில் ஒன்றைத் திருப்தியில்லை என்று ஒதுக்கி விட்டார். பிளைண்டு வில்லி மெக்டெல் என்ற பார்வையற்ற கறுப்பினப் பாடகரின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட பாடல் அது. தட்டில் இடம் பெறாத அந்தப் பாடல் டேப் சேகரிப்பவர்கள் கைகளில் ஊர் ஊராகச் சுற்றியது. டிலனின் தலைசிறந்த பாடல்களில் ஒன்று என்று கேட்டவர்கள் சொன்னார்கள். 1991-ல் கம்பெனியே அதை வெளியிட்டது. 1997 முதல் டிலனும் மேடையில் பாடத் தொடங்கினார். பாடியவர் வேண்டாம் என்று வைத்ததைக் கேட்டவர்கள் விடவில்லை. இதில் திருட்டு எது, காவல் எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1991-ல் அந்தப் பாடல் வந்த தொகுப்பின் பெயரைக் கவனிக்க வேண்டும்: 'பூட்லெக் சீரிஸ்'! திருடர்கள் வைத்திருந்த பெயரைக் கம்பெனி தன் சரக்குக்கு வைத்துக் கொண்டது. அந்த வரிசையில் தொகுப்புகள் தொடர்ந்து வந்தன. நிலவறைப் பாடல்களில் ஒரு பகுதி மட்டும் 1975-ல் ஒட்டு வேலைகளுடன் வந்திருந்தது. 2014-ல் 6 குறுந்தட்டுகளாக ஏறக்குறைய முழுவதும் வந்தது. 1965-66 பதிவுகளை 18 குறுந்தட்டுகளில் அடைத்து, 5,000 பிரதிகள் மட்டும் 2015-ல் விற்றார்கள். ஒரே பாட்டை இருபது தடவை பாடிப் பார்த்ததெல்லாம் அதில் உண்டு. அதையும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

எல்லாவற்றையும் விட விசித்திரம் 2012-ல் நடந்தது. வெளியிடாமல் வைத்திருக்கும் பதிவுக்கு ஐரோப்பாவில் 50 ஆண்டுகளில் காப்புரிமை போய் விடும். அதற்குள் வெளியிட்டு விட்டால் 70 ஆண்டு வரை நீடிக்கும். 1962-ம் ஆண்டுப் பதிவுகளுக்குக் கெடு முடியும் நேரம். கம்பெனி அவசர அவசரமாக 4 குறுந்தட்டுகள் கொண்ட தொகுப்பைத் தயார் செய்தது. பெயரிலேயே 'காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று போட்டு விட்டது. அச்சு வார்த்த தட்டு கூட அல்ல. வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வோமே, அந்த வகைத் தட்டு. அலங்காரம் எதுவும் இல்லாத உறை. ஐரோப்பியக் கடைகளுக்கு அனுப்பியது சுமார் 100 பிரதிகள்.

அந்த நூறில் ஒன்று கிடைத்தவர்கள் பிரதி எடுத்தார்கள். கிடைக்காதவர்கள் அதைப் பார்த்துப் பிரதி எடுத்துக் கொண்டார்கள்.