சிறு ரிவால்வரின் விசையும் உராய்வும்

சட்டைப்பையில் அடங்கும் சிறு ரிவால்வரைக் கையாள்வோர் கூறும் முதற்குறை, அதன் விசை கடினமானது என்பதே. காரணம் வெளிப்படை. விசையை இழுக்கும் ஒரே விரல், தோட்டாக்கள் நிறைந்த உருளையைச் சுழற்றவும் வேண்டும். சுத்தியைப் பின்னே தள்ளிச் சுருள்வில்லை அழுத்தவும் வேண்டும். ஆயுதமோ இலேசு, இழுப்போ கனம். ஆதலின் குழல்வாய் அசைந்து குறி தவறுகிறது.

வலுக்குறைந்த வில்லைப் பொருத்தினாலென்ன என்று கேட்கத் தோன்றும். மலிவான வழிதான். ஆனால் சுத்தியின் அடி தளர்ந்தால், தோட்டாவின் அடிப்பாகத்திலுள்ள பற்றுமருந்து தீப்பற்றாமற் போகக்கூடும். தற்காப்பிற்கென வைத்திருந்த கருவி வேண்டிய கணத்தில் ஊமையாகிவிடும். உரசும் உறுப்புக்களைக் கண்டபடி அரத்தால் தேய்ப்பதும் தீதே. கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு அகன்றுவிடின் அவை விரைவில் தேய்ந்தொழியும். இந்தியாவில், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஆகவே குறைக்கத்தக்கது வில்லின் வலிமையன்று, வீணாகும் உராய்வே. அமெரிக்காவில் ரூகர் நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட எல்.சி.ஆர். என்னும் ஐந்து தோட்டா ரிவால்வர் இவ்வழியைப் பின்பற்றியது. அதன் எடை சுமார் 380 கிராம். 'கேம்' எனப்படும் வளைவுறுப்பின் வடிவத்தைத் திருத்தியமைத்து உராய்வைக் குறைத்தனர். இதனால் இழுப்பின் பளு திடீரென ஏறாமல் சீராக உயர்ந்து, உச்சநிலை தாமதித்தே வருகிறது. இழுப்பின் நீளத்தை மட்டும் விட்டுவைத்தனர். கட்டைவிரலால் இயக்கும் காவற்பூட்டு இல்லாத இவ்வகை ஆயுதத்தில், கைதவறி வெடிப்பதைத் தடுப்பது அந்நீளமே.