உங்கள் கைப்பேசி யாரை நம்புகிறது? பட்டியலைத் திறந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் பூன் லே எம்ஆர்டி நிலையத்துப் பக்கம் ஊர்த் தம்பிகள் கூடும்போது, “அண்ணே, போன்ல ஏதோ எச்சரிக்கை வந்துக்கிட்டே இருக்கு, பாருங்க” என்று யாராவது கைப்பேசியை நீட்டுவார்கள். நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்பதுதான் அந்த எச்சரிக்கை. காரணமும் பெரும்பாலும் ஒன்றே. இலவச விபிஎன்னுக்காகவோ காசில்லாமல் படம் பார்க்கவோ யாரோ அனுப்பிய சான்றிதழ்க் கோப்பைப் போட்டிருப்பார்கள். எதற்கென்று கேட்டால், “போடச் சொன்னாங்க, போட்டேன்” என்பார்கள். அதே கைப்பேசியின் பிரௌசரில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள்.

வங்கியின் இணையதளம் உண்மையானதுதான் என்று கைப்பேசிக்கு உறுதி சொல்வது ஒரு சான்றிதழ். அதில் கையெழுத்திடும் அமைப்புக்குச் சான்றளிக்கும் ஆணையம் என்று பெயர். நம்பத்தக்க ஆணையங்களின் மூலச் சான்றிதழ்கள் நூற்றுக்கும் மேல் கைப்பேசியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அந்தப் பட்டியலில் முகந்தெரியாத ஒருவனை நீங்களே சேர்ப்பது, எவர் பெயரிலும் அடையாள அட்டை அடித்துக்கொடுக்கும் உரிமையை அவனிடம் ஒப்படைப்பதற்குச் சமம். உங்கள் இணைப்பு அவனுடைய விபிஎன் அல்லது வைஃபை வழியாகப் போனால், நடுவில் உட்கார்ந்து போலிச் சான்றிதழைக் காட்டுவான். பிரௌசர் அதை ஏற்றுக்கொள்ளும். கடவுச்சொல் அவன் கைக்குப் போய்விடும்.

பெரிய அமைப்புகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தன. அந்தப் பிரிவுக்கு மேலே இருந்த இந்திய ஆணையத்தின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருந்ததால், இந்தியாவுக்கு வெளியே இருந்த விண்டோஸ் கணினிகளும் அவற்றை நம்பும் நிலை ஏற்பட்டது. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. அரசு அமைப்பிலேயே இப்படி நடக்குமென்றால், வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பும் ஆளை எதை வைத்து நம்புகிறீர்கள்?

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’ என்று தேடுங்கள். சாம்சங்கில் ‘வியூ செக்யூரிட்டி சர்ட்டிஃபிகேட்ஸ்’ என்றிருக்கும். உள்ளே ‘சிஸ்டம்’, ‘யூசர்’ என்று இரண்டு பட்டியல்கள். சிஸ்டத்தைத் தொடாதீர்கள். சொந்தக் கைப்பேசியில் யூசர் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் அதைத் தொட்டு, பெயர், வழங்கியவர், ‘ஃபிங்கர்பிரின்ட்’ எனப்படும் கைரேகை எண் ஆகிய விவரங்களை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு நீக்குங்கள். ஐஃபோனில் ‘ஜெனரல்’ பிரிவின் கீழ் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பகுதியில் தெரியாத புரொஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘அபௌட்’ பக்கத்தின் கடைசியில் ‘சர்ட்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்’ இருக்கும், அதையும் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 11 முதல், சாதாரணச் செயலி எதுவும் தானாக இத்தகைய சான்றிதழைப் போட முடியாது. செட்டிங்ஸுக்குள் போய் நீங்கள்தான் போட வேண்டும். ஆகவே “செட்டிங்ஸ்ல போயி இதை இன்ஸ்டால் பண்ணுங்க” என்று ஒருவர் படிப்படியாகச் சொல்லித் தந்தால், அங்கேயே நிறுத்துங்கள். எந்த வங்கியும் உங்களிடம் இப்படிக் கேட்காது.

கம்பெனி கொடுத்த கைப்பேசி என்றால் கதை வேறு. அதில் கம்பெனியின் சான்றிதழ் முறையாகவே இருக்கலாம். நீக்காதீர்கள், எது எதற்கு என்று தகவல்தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். சொந்த வங்கி வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் நண்பர்களின் அலட்சியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சான்றிதழ் பிழை வந்ததும் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். பைத்தானில் ‘வெரிஃபை’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று ஒரு சொல். “அப்புறம் மாத்திக்கலாம்” என்று ஒரு சமாதானம். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. முதலில் கணினியின் தேதி சரியா, சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்புகிறதா என்று பாருங்கள். அது நிறுவனத்தின் உள்சர்வர் என்றால், நிறுவனத்தின் மூலச் சான்றிதழை வாங்கி, கைரேகை எண்ணைத் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்த்து, ‘ஃபால்ஸ்’ இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். விண்டோஸின் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும் என்றும் இருக்காதீர்கள். ஜாவா, நோட், பைத்தான் மூன்றும் பொதுவாகத் தத்தமது பட்டியலையே பார்க்கும். சரிபார்ப்பை அணைப்பது தீர்வே ஆகாது.

மறுபடி கைப்பேசிக்கு வருகிறேன். தெரியாத சான்றிதழ் இருந்த கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தால் தாமதிக்காதீர்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணை அழைத்து, கணக்கை உடனடியாக முடக்கச் சொல்லுங்கள். 2022இல் சிங்கப்பூர் வங்கிகள் இதற்கென்றே முடக்கும் வசதியைக் கொண்டுவந்தன. சிங்பாஸ், மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் அந்த வேறு கைப்பேசியிலேயே மாற்றுங்கள். இது மோசடியா என்ற சந்தேகத்துக்கு ஸ்கேம்ஷீல்டின் 1799 எண் இரவு பகலாக இருக்கிறது. பணம் போயிருந்தால் அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ காவல்துறை இணையதளத்திலோ புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட், கோப்பு வந்த தகவல், அனுப்பியவரின் எண், பணம் போன நேரம் நான்கும் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தகவலை அழித்துவிட்டுப் போகாதீர்கள், சாட்சியமே அதுதான். நிறுவனக் கணினி என்றால் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்செர்ட் பிரிவுக்கும் இணையப் படிவம் வழியாகத் தெரிவியுங்கள்.

மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் போன ஞாயிறு சொன்னதை இந்த ஞாயிறு மறந்துவிடுகிறார்கள்: சொந்தக் கைப்பேசியில் யூசர் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். இன்றிரவு படுக்கும் முன் திறந்து பாருங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் கைப்பேசியையும் வீடியோ அழைப்பில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் பணம் வந்து சேரும் கணக்கு அங்கேதான் இருக்கிறது.