மறுநாளும் ஓடவைக்கும் ஷூ

2021 செப்டம்பர் 12. வியன்னா மாரத்தானில் எத்தியோப்பியாவின் தெராரா ஹுரிசா 2 மணி 9 நிமிடம் 22 விநாடியில் முதலாவதாக வந்தார். சிறிது நேரத்திலேயே அந்த வெற்றி பறிபோனது. அவர் அணிந்திருந்த ஷூவின் அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் தடிமன்; விதி அனுமதிப்பதோ 4 சென்டிமீட்டர். போட்டிக்கு முன் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்த ஷூ வேறு, போட்டுக்கொண்டு ஓடிய ஷூ வேறு. அவருக்குப் பின்னால் வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

சாலைப் பந்தய ஷூக்களுக்கு 40 மில்லிமீட்டர் என்ற உச்சவரம்பை உலகத் தடகள அமைப்பு 2020இல் விதித்தது. ஆனால் பயிற்சி ஓட்டத்தில் ஷூவை அளந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை. இந்த இடைவெளியில்தான் ஒரு புதிய ரகம் வளர்ந்தது. பந்தய ஷூவில் மட்டும் வைத்திருந்த விலை உயர்ந்த ஃபோமை இன்னும் தடிமனாகப் போட்டு, வேகமான பயிற்சிக்கென்றே ஒரு ஷூ. ஓட்டக்காரர்கள் இதை ‘சூப்பர் டிரெய்னர்’ என்கிறார்கள்.

இந்த ரகத்தில் அதிகம் பேசப்பட்டது ஜப்பானின் ஆசிக்ஸ் நிறுவனம் 2024இல் கொண்டுவந்த சூப்பர்பிளாஸ்ட் 2. அறிமுகமானபோது அமெரிக்காவில் இதன் விலை 200 டாலர். நம் பணத்துக்கு மாற்றினாலே பதினாறாயிரம் ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு கொடுத்து வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் நாள் ஓட்டத்தில் எவ்வளவு வேகம் கிடைத்தது என்பதை வைத்து ஷூவை எடைபோடாதீர்கள். களைத்துப்போன காலில் அது எப்படி நடந்துகொள்கிறது, மறுநாள் காலை உங்களை எந்த நிலையில் விட்டுவைக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஃபோம் செய்த மாற்றம்

1970களின் நடுவிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்ட ஷூக்களின் மெத்தை அடுக்கான மிட்சோலில் ஆட்சி செய்தது ஈ.வி.ஏ. என்ற ஃபோம். விலை குறைவு, செய்வது சுலபம். ஆனால் அமுக்கும்போது வாங்கிக்கொள்ளும் ஆற்றலில் கணிசமான பகுதியை வெப்பமாக வீணடித்துவிடும். பீபா (PEBA) என்ற, எடை குறைந்த, துள்ளலான ஃபோம் வந்தபோது இந்த நிலை மாறியது. அந்த வகை ஃபோம் கொண்ட நைக்கியின் வேப்பர்ஃப்ளை முன்மாதிரி ஷூவை வைத்து அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. 18 ஓட்டக்காரர்கள் மூன்று வேகங்களில் ஓடிப் பார்த்தார்கள். ஒப்பிட்ட மற்ற பந்தய ஷூக்களைவிட ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. அந்த மிட்சோல் வாங்கிய ஆற்றலில் 87 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அந்த ஷூவின் மிட்சோலுக்குள் இருந்த விறைப்பான கார்பன் பிளேட்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் லாபத்தின் பெரும்பங்கு ஃபோமிலிருந்து வருகிறது என்பதே பின்னர் வலுவான கருத்தாக ஆனது. சூப்பர்பிளாஸ்ட் 2 இந்தக் கருத்தை நம்பி உருவான ஷூ. இதில் பிளேட் கிடையாது. பாதத்துக்கு அடியில் எஃப்.எஃப். டர்போ பிளஸ் என்ற துள்ளலான ஃபோம். அதற்குக் கீழே எஃப்.எஃப். பிளாஸ்ட் பிளஸ் ஈகோ என்ற சற்று உறுதியான, தாங்கிப்பிடிக்கும் ஃபோம். குதிகால் பக்கம் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் உயரம். முன்பாதத்தில் அதைவிட 8 மில்லிமீட்டர் குறைவு.

கையில் எடுத்துப் பார்த்தால்

இவ்வளவு பருமனான ஷூ கையில் கனக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆண்களுக்கான நடுத்தர அளவில் இதன் எடை சுமார் 250 கிராம்தான். எடைக்கு ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். 200 கிராம் பந்தய ஷூவோடு ஒப்பிட்டால் இங்கே எடையால் நேரும் இழப்பு அரை சதவீதம். பயிற்சிக்கு அது பொருட்டே இல்லை.

பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மேலடுக்கு உள்ளே அமுங்கி, விரலை எடுத்த கணமே எழுந்துவிடும். கீழடுக்கு அவ்வளவு விட்டுக்கொடுக்காது. அடுத்து ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தின் அகலத்தைப் பாருங்கள். முன்பாதமும் குதிகாலும் விரிந்து அகலமாக இருக்கின்றன. உயரம் கூடினால் கணுக்கால் ஆடும்; அந்த ஆட்டத்தை அடக்கத்தான் இந்த அகலம். எந்த உயரமான ஷூவையும் கடையில் வாங்கும்போது இந்த இரண்டையும் செய்து பார்ப்பது நல்லது.

களைத்த காலில் சோதனை

கடையில் நாலு எட்டு ஓடிப் பார்த்தால் எல்லா ஷூவும் பறக்கும். உண்மை தெரிவது நீண்ட தூரப் பயிற்சி ஓட்டமான லாங் ரன்னின் கடைசிப் பகுதியில்தான். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையிலிருந்து முட்டுக்காடு பக்கமாக விடியற்காலையில் ஓடும்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது: முதல் பாதி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடும் வேகம், கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் மாரத்தான் போட்டியில் ஓடும் வேகம். அந்த நேரத்தில் தொடை இறுகியிருக்கும், சாக்ஸ் வியர்வையில் ஊறியிருக்கும், காலை எடுத்து வைக்கும் நேர்த்தி குலைந்திருக்கும். மென்மை மட்டுமே உள்ள ஷூ இந்த நிலையில் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடியிலும் ஏறி வரவேண்டியிருக்கும். கீழே உறுதியான அடுக்கு உள்ள சூப்பர்பிளாஸ்டில் அந்தப் புதைவு தெரிவதில்லை. முன்பாதத்தின் வளைவு காலை அடுத்த அடிக்கு உருட்டிவிடுகிறது. வேகத்தை அது திணிப்பதில்லை, கேட்டால் கொடுக்கிறது. மெதுவாக ஓடினாலும் உறுத்தாமல் இருப்பது இந்த ஷூவின் பெரிய குணம்.

டெம்போ ஓட்டத்திலும் இதே கதைதான். ஒன்றிரண்டு வார்த்தை பேசலாம், முழு வாக்கியம் பேச முடியாது என்ற வேகத்தில் அரை மணி நேரம் ஓட இது அருமையான துணை. 400 மீட்டரை விட்டுவிட்டு வேகமாக ஓடும் இன்டர்வல் பயிற்சிக்கு மட்டும் வேறு ஷூ எடுங்கள். டிராக்கின் வளைவிலும், கூம்பு வைத்த யூ டர்னிலும் 45 மில்லிமீட்டர் உயரம் எந்தக் கம்பெனி ஷூவாக இருந்தாலும் தயங்கவே செய்யும்.

இன்னொரு சோதனை நம் ஊருக்கே உரியது. தூறல் விழுந்த சாலையில் வெள்ளைக் கோடுகள் வழுக்கும். தரையைத் தொடும் அவுட்சோல் ரப்பரின் தரம் அந்தக் கோட்டில் கால் வைக்கும்போது தெரிந்துவிடும். சூப்பர்பிளாஸ்ட் 2இல் உள்ள ஆசிக்ஸ்கிரிப் என்ற ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது. வெயிலும் கணக்கில் வரும்: சூடேறினால் ஈ.வி.ஏ. தளர்ந்துவிடும், பீபா வகை ஃபோம் அவ்வளவாக மாறாது. ஏப்ரல், மே மாதங்களில் ஓடுபவர்களுக்கு இது காகிதத்தில் மட்டும் இருக்கும் வித்தியாசம் அல்ல.

மெத்தை எவ்வளவு தூரம் காக்கும்?

கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்ற வேகத்தில், நிமிடத்துக்கு 170 அடி வைத்து 10 கிலோமீட்டர் ஓடினால் கால் 8,500 தடவை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை. மெத்தை வைத்த ஷூ இதை அப்படியே குறைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆய்வுகள் சொல்வது அவ்வளவு நேரடியாக இல்லை.

பின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தடித்த மெத்தை கொண்ட ஷூவையும் வழக்கமான ஷூவையும் ஒப்பிட்டார்கள். மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், தடித்த ஷூவில்தான் மோதல் விசை கூடுதலாகப் பதிவானது. கீழே மென்மையாக இருப்பதை உணர்ந்த உடல், காலைக் கூடுதலாக விறைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். லக்சம்பர்க்கில் 800க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை ஆறு மாதம் தொடர்ந்த ஆய்வோ, கடினமான ஷூ அணிந்தவர்களுக்கே காயம் அதிகம் வந்ததைக் கண்டது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். ஆனால் முதலாவது அளந்தது மோதலை, இரண்டாவது எண்ணியது காயங்களை. காயத்துக்கு மோதல் விசை மட்டுமே காரணம் அல்ல. ஆகவே மெத்தை உதவும், ஆனால் பயிற்சியின் அளவைத் திடீரென்று ஏற்றினால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. கால் வலிக்கவில்லையே என்று வாரக் கிலோமீட்டரை இரட்டிப்பாக்குவதுதான் இத்தகைய ஷூக்களில் ஒளிந்திருக்கும் ஆபத்து. தசை தேறிவிடும், எலும்பும் தசைநாரும் தேற அதிக நாள் எடுக்கும்.

அதே லக்சம்பர்க் குழு 2015இல் இன்னொன்றையும் கண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊர் வியர்வையில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு: ஒரு ஜோடி உழைக்கும்போது மற்றது நிழலில் காயலாம்.

காசுக்குக் கணக்கு

ஷூவின் விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். 16,000 ரூபாய் ஷூ 800 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். 500 கிலோமீட்டரிலேயே ஓய்ந்தால் 32 ரூபாய். எனவே உறுதியான கீழடுக்கும் தரமான ரப்பரும் வெறும் சொகுசு அல்ல, சேமிப்பு. வாங்கிய நாளையும் ஓடிய தூரத்தையும் குறித்து வையுங்கள். வெளியே புதிதாகத் தெரிந்தாலும், ஓடிய பிறகு கெண்டைக்காலும் முழங்காலும் வழக்கத்தைவிட அதிகம் முறையிட ஆரம்பித்தால் ஃபோம் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

யாருக்கு இந்த ஷூ? வாரத்தில் நாலைந்து நாள் ஓடி, அதில் ஒரு லாங் ரன்னும் ஒரு டெம்போவும் வைத்து, அரை மாரத்தானுக்கோ முழு மாரத்தானுக்கோ தயாராகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். தரவரிசைக்கும் பரிசுக்கும் ஓடுகிறவர்கள் பந்தய நாளில் இதைப் போடக் கூடாது. 40 மில்லிமீட்டர் விதியை இது தாண்டுகிறது. இப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது வேண்டாம். பாதத்துக்குப் பொருந்தும் சாதாரண ஷூவில் ஆறு மாதம் ஒழுங்காக ஓடுங்கள். தசைநாரும் எலும்பும் அந்த உழைப்புக்குப் பழகட்டும். அதன் பிறகு வேகம் கூட்ட ஆசை வரும்போது இத்தகைய ஷூ கடையில் இருக்கும். அதன் பலனை முழுதாக வாங்கிக்கொள்ளும் கால் அப்போது உங்களிடம் இருக்கும்.