எட்டு போட்டாச்சு… எந்த ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாம்?

ஆர்.டி.ஓ. மைதானத்தில் 100 சி.சி. பைக்கில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால், கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கான லைசென்ஸ் கிடைத்துவிடும். அதே லைசென்ஸை வைத்துக்கொண்டு 200 குதிரைத்திறன் கொண்ட கவாஸாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-10ஆர் பைக்கையும் ஓட்டலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கியர் இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கிறதே தவிர, அதற்கு மேல் என்ஜினின் பலத்தைக் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. முதலில் கிடைக்கும் 2பி லைசென்ஸில் 200 சி.சி. வரைதான் ஓட்டலாம். ஓராண்டாவது ஓட்டிப் பழகி, மறுபடி தேர்வில் தேறினால்தான் 400 சி.சி. வரையிலான 2ஏ. பெரிய பைக்குகளுக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ2 லைசென்ஸ் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறனோடு நின்றுவிடுகிறது. அங்கெல்லாம் அரசு விதிக்கும் வரம்பை இங்கே வாங்குபவர்தான் விதித்துக்கொள்ள வேண்டும். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதால், அந்த வரம்பை எங்கே வைப்பது என்று நிதானமாகவே யோசிக்கலாம்.

சி.சி. மட்டும் போதாது

கல்லூரி வாசலில் முதலில் கேட்கப்படும் கேள்வி “எத்தனை சி.சி.?” என்பதுதான். புதிதாக ஓட்டுபவருக்கு அதைவிடப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு: பைக்கின் 100 கிலோ எடைக்கு எத்தனை குதிரைத்திறன் வருகிறது?

நாம் ஓட்டிப் பழகிய ஹீரோ ஸ்ப்ளெண்டரில் சுமார் 7. யமஹா ஆர்15 வி4 பைக்கின் எடை 141 கிலோ, திறன் 18.4. ஆக 13. சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250, ஹீரோ கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் இரண்டும் 16ஐ ஒட்டி வரும். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2024 முதல் 38 குதிரைத்திறனோடு வருகிறது. அதற்குக் கணக்கு 22. கேடிஎம் ஆர்சி 390க்கு 25. மேலே சொன்ன நிஞ்ஜாவுக்கு 98.

ஸ்ப்ளெண்டரிலிருந்து ஆர்15க்குப் போவதே இரு மடங்குப் பாய்ச்சல்தான். ஸ்ப்ளெண்டரிலிருந்து நேராக ஆர்சி 390க்குத் தாவினால் மூன்றரை மடங்கு. பழகிய கைக்கு அது சுகம். பழகாத கை, குழியில் பைக் குலுங்கும்போது தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். 13இல் அது ஒரு சின்ன உதறலோடு போகும். 25இல் முன்னால் நிற்கும் வண்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அந்தத் திறன் எந்தச் சுழற்சியில் வெளிப்படுகிறது என்பதும் முக்கியம். ஆர்15இன் முழுத்திறன் நிமிடத்துக்கு 10,000 சுழற்சியில்தான் கிடைக்கும். அதன் வால்வு அமைப்பு 7,400ஐத் தாண்டும்போதுதான் விறைப்பான முகத்தைக் காட்டும். அதற்குக் கீழே ஓட்டினால் சாதுவான வண்டி. நகர நெரிசலில் பழகவும், ஆள் இல்லாத சாலையில் விரட்டிப் பார்க்கவும் ஒரே பைக்கில் இடம் கிடைக்கிறது. 2008இல் ஆர்15 அறிமுகமானதிலிருந்து அது பலருக்கு முதல் ஸ்போர்ட்ஸ் பைக்காக அமைந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். ஆர்ஆர் 310இல் நகரம், மழை என்று தனித்தனி மோடுகள் உள்ளன. அவற்றில் பைக்கே தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல நடுவழி.

டாப் ஸ்பீடு என்ற பேச்சை ஒதுக்கி வைக்கலாம். சென்னை நகருக்குள் இருசக்கர வாகனத்தின் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். ஆர்சி 390 அதை முதல் கியரிலேயே தொட்டுவிடும்.

மணிக்கட்டு சொல்லும் உண்மை

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் தாழ்வாக இருக்கும், கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளியிருக்கும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்குவதால் அந்தக் குனிந்த நிலை வசதிதான். சென்னை கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து போகும்போது தாங்கக் காற்று இல்லை. மேலுடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்கும். தொடைகளால் டேங்கைக் கவ்விப் பிடித்து, கைகளைத் தளர்வாக வைக்கப் பழகினால் வலி குறையும். முற்றிலும் போகாது.

இரண்டாவது சங்கடம் யூ-டர்ன். இந்த ஹேண்டில்கள் சாதாரண பைக் அளவுக்குத் திரும்பாது. முழுவதும் திருப்பினால் கட்டைவிரல் டேங்கோடு நசுங்கும். குறுகலான தெருவில் ஒரே மூச்சில் திரும்பலாம் என்று நினைத்து, பாதியில் நின்று, கால் எட்டாமல் சாய்ப்பதுதான் புதியவர்களின் வழக்கமான முதல் வீழ்ச்சி.

ஆகவே டெஸ்ட் ரைடுக்கு ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. அரை மணி நேரமாவது கேளுங்கள். உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் உறுதியாகப் படுகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தபடியே பைக்கைப் பின்னோக்கி உருட்டுங்கள். குறுகிய இடத்தில் திருப்புங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துப் போங்கள். தினமும் அம்மாவையோ மனைவியையோ ஏற்றிச் செல்பவருக்கு, உயரத்தில் துண்டாக நிற்கும் அந்தப் பின்சீட் ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒத்துவரவில்லை என்றால் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. இவற்றில் பலவற்றுக்கு ஃபேரிங் எனும் பிளாஸ்டிக் போர்வை இல்லாத, நிமிர்ந்து உட்காரும் உடன்பிறப்புகள் உண்டு. ஆர்15இன் என்ஜின்தான் எம்டி-15இல் இருக்கிறது. ஆர்ஆர் 310க்கு ஆர்டிஆர் 310, ஜிக்ஸர் எஸ்எஃப்புக்கு ஜிக்ஸர். அதே விறுவிறுப்பு, அகன்ற ஹேண்டில், பெரும்பாலும் குறைந்த விலை.

பிரேக் பட்டியலைப் படியுங்கள்

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஆனால் முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் விதி நிறைவேறிவிடும். ‘சிங்கிள் சேனல்’ என்றால் அதுதான். ஜிக்ஸர் எஸ்எஃப் 150இல் சிங்கிள், எஸ்எஃப் 250இல் இரு சக்கரங்களுக்குமான ‘டூயல் சேனல்’. பயத்தில் பின்பிரேக்கை மிதித்துத் தள்ளுவது புதியவர்களின் இயல்பு என்பதால், விலை சற்றுக் கூடினாலும் டூயல் சேனலே நல்லது.

அடுத்து ஸ்லிப்பர் கிளட்ச். அவசரத்தில் கியரைச் சட்டென்று குறைக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல் இது காக்கும். ஆர்15, ஆர்ஆர் 310, ஆர்சி 390 மூன்றிலும் உள்ளது.

இவையெல்லாம் துணைதான். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது, ஆபத்தைக் கண்டு விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி கழிந்தால் பைக் 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அந்த நொடியை எந்தக் கருவியாலும் திருப்பித் தர முடியாது.

கீழே போட்டால் என்ன செலவு?

நின்ற இடத்தில் சாய்ந்தால் சாதாரண பைக்கில் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் பக்கவாட்டு ஃபேரிங் மொத்தமும் கீறிவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன் சர்வீஸ் கவுன்டருக்குப் போய் இடது ஃபேரிங், கண்ணாடி, லீவர், இண்டிகேட்டர் ஆகியவற்றின் விலையை எழுதி வாங்குங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பைக்குகளில் எது உங்கள் பணப்பைக்கு அடக்கம் என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

இன்சூரன்ஸிலும் ஒரு நுணுக்கம். வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் போர்த்திய வண்டிக்கு இது பெரிய இழப்பு. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டிப்’ பாலிசியை முதல் சில ஆண்டுகளுக்காவது எடுப்பது புத்திசாலித்தனம். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டணம் 150 சி.சி.யைத் தாண்டியதும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. 155 சி.சி. பைக்குகள் மயிரிழையில் அந்தப் பக்கம் விழுந்துவிடுகின்றன. 350 சி.சி.யைத் தாண்டினால் கட்டணம் மீண்டும் ஏறும். ஜிஎஸ்டியும் அங்கேதான் மாறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம்.

செகண்ட் ஹேண்டில் எடுத்தால்

எப்படியும் ஒருமுறை கீழே போடத்தான் போகிறோம் என்று பழைய பைக் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்கின் முந்தைய வாழ்க்கையைக் கேட்டறிய வேண்டும். ஃபேரிங் புதிதாகப் பளபளக்கலாம். ஹேண்டில் முனை, லீவர் நுனி, கால் வைக்கும் கம்பி, சைலன்ஸர் விளிம்பு ஆகிய நான்கும் விழுந்த கதையை மறைக்காது. ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நேர்ச்சாலையில் பைக் ஒருபக்கம் இழுத்தால் வாங்காதீர்கள்.

ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள். லோன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காதைப் பிளக்கும் சைலன்ஸர் மாட்டிய வண்டி என்றால், ஒரிஜினல் சைலன்ஸரையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அபராதம் உங்கள் தலையில் விழும்.

முதலில் ஒதுக்க வேண்டிய பணம்

பட்ஜெட்டில் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மிச்சப் பணத்துக்குத்தான் பைக் பார்க்க வேண்டும். ஹெல்மெட் தாடையையும் மூடுவதாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும். முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்பதற்கு 2021 ஜூன் முதலே தடை. விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கை என்பதால் கையுறையைத் தள்ளிப்போடக் கூடாது.

வேகத்தைப் பழக ஈ.சி.ஆர். இடமல்ல. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. எதிரே லாரி வராத, ஓரத்தில் மணல் கிடக்காத இடத்தில் பயிற்றுநரின் கண் முன்னால் ஒரு நாள் ஓட்டினால் பிரேக், சாய்வு, பார்வை மூன்றும் திருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 18 வயது ஆவதற்கு முன் பைக்கைக் கொடுத்து அவர் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

எப்போது பெரிய பைக்?

நகர ஓட்டமும் எப்போதாவது ஏலகிரியும் என்றால் 150 முதல் 160 சி.சி. போதும். ஓரிரு ஆண்டுகள் சாதாரண பைக்கை நன்றாக ஓட்டியவர், வாரக்கடைசியில் நெடுஞ்சாலைப் பயணம் போகிறவர் என்றால் 200 முதல் 250 சி.சி. தாராளம். 310ம் 390ம் இரண்டாவது பைக்காக வரட்டும்.

மாறும் நேரத்தை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மழையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அலறாமல் பைக்கை நிறுத்த முடிகிறதா? கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய திசையைப் பார்க்கிறீர்களா? முந்திப் போகிறவனை விட்டுவிட மனம் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பழைய பைக்கை விற்றுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், இருக்கிற பைக்கில் கற்றுக்கொள்ள இன்னும் பாடம் மிச்சமிருக்கிறது.